உக்ரைன் போரும் ஜெர்மனியின் உள்ளூர் அரசியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 11 வருடமாகக் குடியிருக்கிறேன். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த நாளிலிருந்து, ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் நலம் விசாரித்து முடித்ததும் இந்தப் பேச்சுதான். "அங்க ஜனங்க என்ன சொல்றாங்க?" என்று அப்பா கேட்பார். ஒரே வரியில் சொல்கிற பதில் இதற்கு இல்லை. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் ஜெர்மனியைப் பற்றித்தான். நான் பார்த்தது அதைத்தான்.

ஜெர்மன் மக்கள் உக்ரைன் பக்கமா, ரஷ்யா பக்கமா?

பெரும்பாலோர் உக்ரைன் பக்கம். படையெடுத்தது ரஷ்யா, அது தவறு என்பதில் பெரிய தகராறு கிடையாது. தகராறு அதற்கு அடுத்த படியில் ஆரம்பிக்கிறது. சரி, நாம் என்ன செய்யவேண்டும்? ஆயுதம் கொடுப்பதா? எந்த ஆயுதம் வரைக்கும்? பணம் யார் பையிலிருந்து போகும்? எந்த இடத்தில் நிறுத்தவேண்டும்?

2023 ஜனவரியில் லெப்பர்ட் பீரங்கி வண்டிகளைக் கொடுக்கலாமா என்று ஏ.ஆர்.டி. தொலைக்காட்சியின் மாதாந்தரக் கணிப்பில் கேட்டார்கள். 46 சதவீதம் கொடுக்கலாம் என்றது, 43 சதவீதம் வேண்டாம் என்றது. ஏறக்குறைய சரிபாதி. சில நாளில், ஜனவரி 25 அன்று, 14 லெப்பர்ட் வண்டிகளை அனுப்ப அரசு முடிவு செய்தது. அடுத்த வருடம் டாரஸ் ஏவுகணை பற்றிக் கேட்டபோது பத்தில் ஆறு பேர் வேண்டாம் என்றார்கள். 500 கிலோமீட்டர் பாயக்கூடியது அது. மாஸ்கோ வரை போய் விழுமோ என்ற பயம்.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்தக் கணிப்புகள் ஆயிரம் சொச்சம் பேரிடம் எடுப்பவை. 'ஆம், இல்லை' என்று இரண்டே பெட்டி. ஆனால் நான் பேசிப் பார்த்த மனிதர்களில் பாதிப் பேர் இரண்டு பெட்டியிலும் காலை வைத்திருப்பவர்கள். "உதவணும், ஆனா பேச்சுவார்த்தைக்கும் இன்னும் முயற்சி பண்ணணும்" என்பார்கள். கணிப்பில் இவர்கள் ஏதோ ஒரு பக்கம் எண்ணப்படுவார்கள். மறுநாள் பத்திரிகை 'நாடு இரண்டாகப் பிளந்தது' என்று எழுதும்.

போருக்கு முன்னால் ஜெர்மனி ஆயுதமே கொடுக்காது என்பார்களே, எப்படி மாறியது?

நான்கு வாரத்தில் மாறியது. 2022 ஜனவரி கடைசியில், உக்ரைன் எல்லையில் ரஷ்யப் படை குவிந்திருந்தபோது, ஜெர்மனி கொடுக்க முன்வந்தது 5,000 ஹெல்மெட். அடுத்து தலையணை அனுப்புவீர்களா என்று கீவ் நகர மேயர் விட்டாலி கிளிட்ச்கோ கேட்டார். பிப்ரவரி 27, ஞாயிற்றுக்கிழமை, அன்றைய சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் நாடாளுமன்றத்தைக் கூட்டி 'சைட்டன்வெண்ட' என்றார். காலம் திரும்புகிறது, யுகம் மாறுகிறது என்று பொருள். ராணுவத்துக்குத் தனியாக 10,000 கோடி யூரோ என்று அறிவித்தார். அதே நாளில் பெர்லினில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் உக்ரைனுக்காகத் தெருவில் நின்றார்கள்.

பேச்சு மாறிய வேகத்துக்கு மனசு மாறவில்லை. மார்ச் 17 அன்று உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி வீடியோ வழியாக ஜெர்மன் நாடாளுமன்றத்தில் பேசினார். உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கை தட்டி முடிந்ததும் அவைத் துணைத்தலைவர் அன்று பிறந்தநாள் கண்ட உறுப்பினர்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வழக்கமான அலுவலுக்குப் போய்விட்டார். விவாதம் கிடையாது. உக்ரைனின் மாரியுபோல் நகரில், மக்கள் ஒளிந்திருந்த நாடக அரங்கத்தில் குண்டு விழுந்த மறுநாள் அது. அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது. உக்ரைனுக்கு ஆயுதம் வேண்டாம் என்று நினைத்த நண்பர்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

கிழக்கு ஜெர்மனி மட்டும் ஏன் வேறு மாதிரி பேசுகிறது?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். நான் இருப்பதும் கிழக்கில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். 70 வயது. வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு நடையில் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று மாட்டியிருக்கிறது. சேறு படிந்த பூட்ஸும் கம்பளித் தொப்பியுமாக ஆறு இளைஞர்கள் ஆள் உயரக் குழாய் ஒன்றின் மேல் உட்கார்ந்திருப்பார்கள். ரஷ்யா என்றுதான் முதலில் நினைத்தேன். "உக்ரைன்" என்றார். 1970களில் சோவியத் எரிவாயுவை மேற்கே கொண்டுவர நீண்ட குழாய் போட்டபோது அதில் ஒரு பகுதியைப் போடும் வேலை கிழக்கு ஜெர்மன் இளைஞர்களுக்கு வந்தது. உக்ரைனுக்குள் சுமார் 550 கிலோமீட்டர். ட்ரூஷ்பா என்று பெயர். ரஷ்ய மொழியில் நட்பு. பனியில் வேலை, நல்ல சம்பளம், ஊர்க்காரர்கள் வீட்டில் சாப்பாடு. அவருடைய இளமை அங்கே இருக்கிறது.

இன்றைக்கு அவர் ஆயுதம் அனுப்புவதை எதிர்க்கிறார். "நான் குழாய் ஒட்டவெச்ச ஊர்ல இப்போ என் வரிப்பணத்துக் குண்டும் விழுது, அவன் குண்டும் விழுது" என்றார் ஒருநாள். இவரைப் புதின் ஆதரவாளர் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அவருக்குப் புதினைப் பிடிக்கவே பிடிக்காது.

கிழக்கின் அனுபவம் வேறு. 1990 வரை சோவியத் அணியில் இருந்த தனி நாடு அது. பள்ளியில் ஐந்தாம் வகுப்பிலிருந்து ரஷ்ய மொழி. பக்கத்தில் சோவியத் ராணுவ முகாம். கடைசி ரஷ்ய வீரர்கள் கிளம்பியது 1994 ஆகஸ்டில். 1990இல் இரண்டு ஜெர்மனியும் இணைந்தபின் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன, லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். மேற்கிலிருந்து வந்தவர்கள் மேலதிகாரிகளாக உட்கார்ந்தார்கள். அப்போது உண்டான ஒரு சந்தேகம் இன்னும் போகவில்லை. பெர்லினிலிருந்து பெரிய முடிவு எது வந்தாலும், விலை கொடுக்கப்போவது நாம்தான் என்ற சந்தேகம்.

அந்தச் சந்தேகத்துக்கு ஷ்வேட் நல்ல உதாரணம். போலந்து எல்லையில் இருக்கும் சிறிய ஊர். 1960களிலிருந்து ட்ரூஷ்பா என்ற அதே பெயர்கொண்ட எண்ணெய்க் குழாயில் ரஷ்யக் கச்சா எண்ணெய் வந்து அங்கே சுத்திகரிக்கப்பட்டது. பெர்லின் வட்டாரத்தில் ஓடும் பத்துக் காரில் ஒன்பதுக்கு பெட்ரோல், டீசல் அங்கிருந்துதான். 1,200 பேருக்கு நேரடி வேலை. ரஷ்ய எண்ணெயை நிறுத்துவது என்று முடிவானதும், 2022 மே மாதம் பொருளாதார அமைச்சர் ராபர்ட் ஹாபெக் அந்த ஆலைக்கே போனார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேசை மேல் ஏறி நின்று தொழிலாளர்களோடு பேசினார். எல்லாம் நல்லபடியாக முடியும் என்று வாக்குக் கொடுக்கமுடியாது என்றும் ஒளிக்காமல் சொன்னார். நேர்மையான பேச்சு. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு 1990 ஞாபகம் வராமல் இருக்குமா? 2023 ஜனவரி 1 முதல் ரஷ்ய எண்ணெய் நின்றது. ரோஸ்டாக் துறைமுகம் வழியாகவும், போலந்தின் டான்ஸ்க் வழியாகவும், கசகஸ்தானிலிருந்தும் எண்ணெய் வரவழைத்து ஆலையைத் தொடர்ந்து ஓட்டினார்கள். ஆலை மூடவில்லை. பயமும் போகவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கிழக்கிலேயே எதிர்க் கருத்து உள்ளவர்கள் நிறைய. 1989இல் லைப்சிக்கின் நிக்கோலாய் தேவாலயத்திலிருந்து கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராகத் திங்கள்கிழமை ஊர்வலம் போனவர்களில் பலர், "சோவியத் டாங்க் எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும், அதனாலதான் உக்ரைனுக்கு உதவணும்" என்கிறார்கள். அதே வரலாறுதான், அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு.

இரண்டாம் உலகப் போரின் குற்ற உணர்வுதான் ஜெர்மனியைத் தயங்க வைக்கிறதா?

தயங்கவும் வைக்கிறது, இறங்கவும் வைக்கிறது. 'இனி ஒருபோதும் போர் வேண்டாம்' என்பது போருக்குப் பின் இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த வாசகம். 'இனி ஒருபோதும் ஆஷ்விட்ஸ் வேண்டாம்' என்பது இன்னொன்று; ஆஷ்விட்ஸ், ஹிட்லர் ஆட்சி யூதர்களைக் கொன்று குவித்த முகாம். நெடுங்காலம் இரண்டும் ஒரே பொருள் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒரு சர்வாதிகாரி பக்கத்து நாட்டில் ஊர் ஊராக அழிக்கும்போது இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன. ஒன்று ஆயுதத்தைத் தொடாதே என்கிறது. மற்றது கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே என்கிறது.

பசுமைக் கட்சி இதில் மாட்டிக்கொண்டது போல வேறு கட்சி மாட்டவில்லை. 1980களின் அணு ஏவுகணை எதிர்ப்பில் வளர்ந்த கட்சி அது. 1981 அக்டோபரில் பான் நகரத்தில் மூன்று லட்சம் பேர் கூடிய காலம். 1999இல் கொசோவோ போருக்கு ஆதரவு கேட்டபோது, அந்தக் கட்சியின் வெளியுறவு அமைச்சர் யோஷ்கா ஃபிஷர் மேல் சொந்தக் கட்சி மாநாட்டிலேயே சிவப்புப் பெயின்ட் பையை எறிந்தார்கள், செவிப்பறையில் அடிபட்டது. 2021 தேர்தலில்கூட போர் நடக்கும் இடத்துக்கு ஆயுதம் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஒரு வருடத்துக்குள் கனரக ஆயுதம் கொடுங்கள் என்று மற்ற எல்லோரையும்விட உரக்கக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

இன்னொரு மறதியும் இருக்கிறது. ஹிட்லரின் போரில் சோவியத் யூனியன் 2 கோடியே 70 லட்சம் மக்களை இழந்தது. 'ரஷ்யர்களுக்கு நாம் செய்த கொடுமை' என்றே இங்கே பேசிப் பழகிவிட்டார்கள். அந்த எண்ணிக்கையில் உக்ரைனியர்களும் பெலாரஸ்காரர்களும் லட்சக்கணக்கில் உண்டு என்பது பலருக்கு 2022க்குப் பிறகுதான் மனதில் ஏறியது.

ஷோல்ஸின் சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்.பி.டி. ஏன் இவ்வளவு தடுமாறியது?

ரஷ்யாவோடு பேச்சும் வியாபாரமும் வைத்துக்கொண்டால் அமைதி வரும் என்பது அந்தக் கட்சியின் சொத்து மாதிரி. அந்தக் கட்சியின் சான்சலர் வில்லி பிராண்ட் காலத்தில் குழாயைக் கொடுத்து எரிவாயு வாங்க ஒப்பந்தம் போட்டார்கள்; 1973இல் மேற்கு ஜெர்மனிக்கு முதல் சோவியத் எரிவாயு வந்தது. அன்றைக்கு அது பலனும் கொடுத்தது. பிற்காலத்தில் அதே கட்சியின் இன்னொரு சான்சலர் ஸ்க்ரோடர் பதவியை விட்டு இறங்கியதும், ரஷ்ய எரிவாயுவைக் கடலடியில் ஜெர்மனிக்குக் கொண்டுவரும் நார்ட் ஸ்ட்ரீம் குழாய் நிறுவனத்தில் போய் உட்கார்ந்தது வேறு கதை. நார்ட் ஸ்ட்ரீம் 2 விஷயத்தில் தவறு செய்துவிட்டேன் என்று, அதே கட்சியிலிருந்து வந்த குடியரசுத் தலைவர் ஸ்டைன்மயர் 2022 ஏப்ரலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இந்தச் சுமையோடுதான் ஷோல்ஸ் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் மாதக்கணக்கில் யோசித்தார். எதிர்ப்பாளர்கள் அதைத் தாமதம் என்றார்கள், அவர் நிதானம் என்றார்.

கேஸ் பில்தான் உண்மையான காரணம் என்கிறார்களே?

காரணங்களில் பெரியது. போருக்கு முந்தைய வருடம் ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. இங்கே பல வீடுகளில் குளிருக்கு ஹீட்டர் ஓடுவது அதில்தான். 2022 இலையுதிர் காலத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. மாதம் 90 யூரோவாக இருந்த கேஸ் முன்பணத்தை 205 ஆக்கியிருந்தார்கள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றது நன்றாக நினைவிருக்கிறது. அலுவலகங்களில் 19 டிகிரிக்கு மேல் சூடு வைக்கக்கூடாது என்று அரசுக் கட்டிடங்களுக்கெல்லாம் உத்தரவு. நூலகத்தில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து படித்தோம்.

அந்த வருடம் செப்டம்பர் 5, திங்கள்கிழமை மாலை. லைப்சிக்கின் அகஸ்டஸ் சதுக்கத்தில் ஒரு பக்கம் இடதுசாரிக் கட்சிக்காரர்கள் விலைவாசிக்கு எதிராகக் கூடியிருந்தார்கள். அதே சதுக்கத்தின் மறுபக்கம் தீவிர வலதுசாரிகள். நடுவில் போலீஸ் வரிசை. வேடிக்கை பார்க்கப் போன என்னால், கண்ணை மூடிக்கொண்டால் எந்தப் பக்கத்துக் கோஷம் எது என்று பல நேரம் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கமும் பில்லைப் பற்றிப் பேசியது. பின்னால் நின்ற அம்மா ஒருவர் தன் பில்லையே அட்டையில் ஒட்டி, குச்சியில் கட்டிப் பிடித்திருந்தார். அவர் எந்தப் பக்கத்தோடு வந்தார் என்று எனக்குத் தெரியாது. போலீஸ்காரரே அவரிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அரசு சும்மா இருக்கவில்லை. 20,000 கோடி யூரோ வரை ஒதுக்கி, டிசம்பர் மாத முன்பணத்தைத் தானே கட்டியது; எரிவாயு விலைக்கு உச்சவரம்பு வைத்தது. வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் திரவ எரிவாயு இறக்கும் தளத்தைச் சில மாதத்தில் கட்டி டிசம்பரில் திறந்தார்கள். வீடுகள் உறைந்துபோகும் என்று சொன்னது நடக்கவில்லை. ஆனால் விலை பழைய இடத்துக்கு இறங்கவும் இல்லை. 2023, 2024 இரண்டு வருடமும் பொருளாதாரம் சுருங்கியது. ஓட்டுப் போடப் போகிறவர் கையில் அதுதான் இருந்தது.

எழுத்தாளர்கள், அறிஞர்கள் எல்லாம் கடிதம் எழுதினார்களாமே?

எழுதினார்கள், பதிலுக்குப் பதில். 2022 ஏப்ரல் கடைசியில், பெண்ணிய இதழாசிரியர் அலிசே ஷ்வார்ட்சர் முன்னின்று, கனரக ஆயுதம் வேண்டாம் என்று ஷோல்ஸுக்குத் திறந்த கடிதம். சில நாளில் கொடுத்தே ஆகவேண்டும் என்று மறுகடிதம். நாவலாசிரியர் டேனியல் கெல்மான் போன்றவர்கள் அதில். 2023 பிப்ரவரியில் ஷ்வார்ட்சரும் இடதுசாரித் தலைவர் சாரா வாகன்க்னெக்டும் சேர்ந்து 'அமைதிக்கான அறிக்கை' வெளியிட்டு, 25ஆம் தேதி பிராண்டன்பர்க் வாசலில் கூட்டம் போட்டார்கள். போலீஸ் கணக்கில் 13,000 பேர். கூட்டியவர்கள் கணக்கில் 50,000. எண்ணிக்கையிலேயே ஒத்துப்போகாதவர்கள் மற்றதில் எப்படி ஒத்துப்போவார்கள்!

அந்த அறிக்கையில் எனக்கு வருத்தம் தந்தது ஒன்று. உக்ரைன் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு அதில் இடமே இல்லாதது போலிருந்தது. அதைவிட வருத்தம், கையெழுத்துப் போட்ட எல்லோரையும் துரோகிகள் என்று ஏசியது. ஒரு பக்கத்தார்க்குப் 'புதினைப் புரிந்துகொள்பவர்' என்று பட்டம், மறுபக்கத்தாருக்குப் 'போர் மூட்டுபவர்' என்று பட்டம். பட்டம் கொடுத்த பின் பேச்சு எங்கே நடக்கும்?

ஏ.எஃப்.டி. வலதுசாரி, வாகன்க்னெக்ட் இடதுசாரி. போர் விஷயத்தில் இருவரும் எப்படி ஒன்றாக?

ஒரே இடத்துக்கு வேறு வேறு வழியில் வந்தவர்கள். ஏ.எஃப்.டி.க்கு 'முதலில் நம் நாடு'. மலிவான ரஷ்ய எரிவாயு வேண்டும். வாகன்க்னெக்ட் பிறகு தனியாக ஆரம்பித்த பி.எஸ்.டபிள்யூ. கட்சிக்கு பழைய அமைதி இயக்கம், அமெரிக்கா மேல் அவநம்பிக்கை, தொழிலாளியின் சம்பளம். 2024 ஜூனில் ஜெலன்ஸ்கி நேரில் வந்து நாடாளுமன்றத்தில் பேசியபோது ஏ.எஃப்.டி.யில் பெரும்பாலோரும் பி.எஸ்.டபிள்யூ.காரர்களும் அவைக்கு வரவில்லை.

அதே வருடம் செப்டம்பரில் கிழக்கில் மூன்று மாநிலத் தேர்தல். டூரிங்கியாவில் ஏ.எஃப்.டி. 32.8 சதவீதம் வாங்கி முதலிடம். எட்டு மாதமே ஆன பி.எஸ்.டபிள்யூ.வுக்கு அங்கே 15.8, சாக்சனியில் 11.8, பிராண்டன்பர்கில் 13.5. மாநில அரசுக்கு ஏவுகணையிலும் வெளியுறவிலும் ஒரு அதிகாரமும் கிடையாது. இருந்தும் சுவரொட்டியெல்லாம் போரும் அமைதியும்தான். பள்ளியில் வாத்தியார் இல்லை, கிராமத்தில் டாக்டர் இல்லை என்ற குறைகள் அந்தச் சுவரொட்டிகளுக்குக் கீழே மறைந்துபோயின. அந்தத் தேர்தலில் எனக்கு ஆற்றாமை அதுதான்.

ஷோல்ஸ் ஆட்சி கவிழ்ந்தது போராலா?

பணத்தால். அந்தப் பணத்துக்குள் போரும் இருந்தது. அரசு ஒரு அளவுக்கு மேல் கடன் வாங்கக்கூடாது என்று ஜெர்மன் அரசியல் சாசனத்திலேயே விதி உண்டு; 'கடன் பிரேக்' என்பார்கள். உக்ரைன் உதவிக்காக அந்த விதியை ஒத்திவைக்கவேண்டும் என்றார் ஷோல்ஸ். மாட்டேன் என்றார் கூட்டணிக் கட்சி ஒன்றின் தலைவரான நிதியமைச்சர் லிண்ட்னர். 2024 நவம்பர் 6 இரவு ஷோல்ஸ் அவரைப் பதவிநீக்கினார், கூட்டணி உடைந்தது. டிரம்ப் ஜெயித்த செய்தி வந்த அதே நாள்.

ஓய்வூதியக்காரருக்கு வெட்டிவிட்டு உக்ரைனுக்குக் கொடுப்பதா என்பதுதான் தேர்தல் பேச்சு. ஆனால் 2025 பிப்ரவரி 23 தேர்தலை முடிவு செய்தவை பெரும்பாலும் பொருளாதாரமும் குடியேற்றமும். எதிர்க்கட்சியாக இருந்த பழமைவாத சி.டி.யு., சி.எஸ்.யு. அணிக்கு, மெர்ஸ் தலைமையில், 28.5 சதவீதம். ஏ.எஃப்.டி. 10 சதவீதத்திலிருந்து 20.8க்குப் போனது. ஐந்து நாள் கழித்து வெள்ளை மாளிகையில் டிரம்ப், ஜெலன்ஸ்கியை ஊரறிய உதறிப் பேசினார். தேர்தலில் கடன் பிரேக்கைத் தொடமாட்டேன் என்ற தொனியில் பேசிய மெர்ஸ், அடுத்த வாரமே அதைத் தளர்த்த எஸ்.பி.டி.யோடு கைகோத்தார். புது நாடாளுமன்றத்தில் ஏ.எஃப்.டி.யும் இடதுசாரிக் கட்சியும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருப்பதால் மசோதா தோற்கலாம். ஆகவே பழைய நாடாளுமன்றத்தையே மறுபடி கூட்டி மார்ச் 18 அன்று 513 ஓட்டில் நிறைவேற்றினார்கள். சட்டப்படி சரி. உக்ரைன் உதவியை ஆதரிக்கிற எனக்கே அது நெருடியது. பெர்லின்காரர்கள் நம்மைக் கேட்காமலே முடிவு செய்வார்கள் என்று சொல்கிற கீழ்வீட்டுப் பெரியவருக்கு அன்று நான் என்ன பதில் சொல்வது?

பி.எஸ்.டபிள்யூ. என்ன ஆனது?

4.98 சதவீதம். நாடாளுமன்றத்துக்குள் போக 5 வேண்டும். 5ஐத் தொட அவர்களுக்குப் பற்றாமல் போனது நாடு முழுக்கச் சுமார் 9,500 ஓட்டுதான். அவர்கள் உள்ளே வந்திருந்தால் 630 இடங்களில் மெர்ஸ், எஸ்.பி.டி. கூட்டணிக்கு இருக்கும் 328 குறைந்து பெரும்பான்மையே போயிருக்கும். ஒரு கிரிக்கெட் மைதானத்தின் கேலரியில் பாதியை நிரப்பாத கூட்டம் அந்த 9,500.

உக்ரைன் அகதிகள் மேல் கோபம் உண்டா?

ஆரம்பத்தில் பெர்லின் ரயில் நிலையத்தில் 'இரண்டு பேருக்கு என் வீட்டில் இடம்' என்று அட்டை பிடித்து நின்றார்கள். பத்து லட்சத்துக்கு மேல் வந்தார்கள். வந்தவுடன் வேலை செய்ய அனுமதி. 2022 ஜூன் முதல் இங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்குத் தரும் அதே உதவித்தொகை. அந்தச் செப்டம்பரில் மெர்ஸ் இதைச் 'சமூகநலச் சுற்றுலா' என்று சொல்லி, மறுநாளே வருத்தம் தெரிவித்தார். சொல் போய்விட்டது, அதன் ஒலி மட்டும் தங்கிவிட்டது. 2025இல் வந்த ஆட்சி, அந்த வருடம் ஏப்ரல் 1க்குப் பின் வந்தவர்களுக்கு இந்தத் தொகையைக் குறைக்க முடிவெடுத்தது.

இங்கே ஈழத்தமிழர்களின் நினைவு வராமல் போகாது. 1980களில் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் வந்தவர்கள் ஏராளம். வருடக்கணக்கில் முகாமில் இருந்தார்கள். வேலை செய்யத் தடை, ஊரை விட்டு நகரத் தடை. "எங்களுக்கு அந்தக் கதவு திறக்கேல்லையே" என்று ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார். குரலில் பொறாமை இல்லை, வலி இருந்தது. அதே அண்ணன்தான் போரின் முதல் வாரத்தில் தன் கடையிலிருந்து பால்மாவும் குழந்தை நாப்கினும் வண்டி நிறைய அனுப்பினார்.

இதெல்லாம் ரஷ்யப் பிரச்சாரம்தான் என்கிறார்களே?

பிரச்சாரம் உண்மை. பெரிய ஜெர்மன் பத்திரிகைகளின் இணையப் பக்கங்களைப் போலவே போலி செய்து பரப்பினார்கள். எக்ஸ் தளத்தில் 50,000க்கும் மேற்பட்ட போலிக் கணக்குகளை ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம் கண்டுபிடித்தது. ஆனால் போலிக் கணக்கு, இருக்கிற புண்ணில்தான் விரலை வைக்கும். ஷ்வேட் தொழிலாளியின் பயத்தை மாஸ்கோ உண்டாக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பிரச்சாரம்தான் காரணம் என்றால் அவர் சொல்வதைக் கேட்கவே வேண்டாம் என்றாகிவிடும்.

மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் இப்படியா?

ஊருக்கு ஊர் நிறம் வேறு. போலந்தில் ரஷ்யா மேல் யாருக்கும் சந்தேகமில்லை. உக்ரைன் தானியம் வந்து விலை விழுந்ததால் விவசாயிகள் எல்லையை மறித்தார்கள். 2022 ஏப்ரலில் ஹங்கேரியின் ஓர்பன் 'போருக்கு வெளியே நிற்போம்' என்று சொல்லி ஜெயித்தார். ஸ்லோவாக்கியாவில் 2023இல் ஃபீட்சோ ஒரு தோட்டாகூட இனி போகாது என்று சொல்லி ஜெயித்தார்.

நீங்கள் எந்தப் பக்கம்?

உக்ரைனுக்கு ஆயுதம் கொடுக்கவேண்டும் என்ற பக்கம். காரணம் மூன்றாம் மாடி. அங்கே இருக்கும் டீச்சர், கார்கிவ் நகரத்திலிருந்து வந்த ஒரு அம்மாவையும் ஏழு வயதுப் பையனையும் ஒரு வருடம் தன் வீட்டில் வைத்திருந்தார். ஜெர்மனியில் டிசம்பர் 31 இரவு நம்மூர்த் தீபாவளியைத் தூக்கிச் சாப்பிடும் வெடி. முதல் வெடி கேட்டதும் அந்தப் பையன் படிக்கட்டுக்கு அடியில் போய், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவேண்டியிருக்கவில்லை. அந்தச் சின்ன முதுகை என்னால் மறக்க முடியவில்லை.

கீழே ஓடி, முற்றத்தில் வெடி வைத்திருந்த பையன்களிடம் நிறுத்தச் சொன்னவர் கீழ்வீட்டுப் பெரியவர். பிறகு பையன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஐம்பது வருடத்துக்கு முந்தைய தன் ரஷ்ய மொழியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். கார்கிவ் பையனுக்கு அந்த மொழி நன்றாகப் புரிந்தது. மறுநாள் காலை டீச்சரும் அவரும் அதே படிக்கட்டில் நின்று டாரஸ் ஏவுகணை பற்றிச் சண்டை போட்டார்கள்.

கட்டாய ராணுவச் சேவை திரும்ப வருகிறதா?

இப்போதைக்கு இல்லை, பாதி வழி வந்திருக்கிறது. 2011இல் நிறுத்தியதை அப்படியே கொண்டுவரவில்லை. 2025 டிசம்பர் 5 அன்று நிறைவேறிய சட்டப்படி, 2008இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு 18 வயதானதும் ஒரு படிவம் வரும். உடல்நிலை எப்படி, ராணுவத்தில் சேர விருப்பமா என்று கேட்பார்கள். ஆண்கள் பதில் அனுப்பியே ஆகவேண்டும், பெண்கள் விரும்பினால் போதும். சேர்வது சொந்த விருப்பம்தான். ஆள் போதாவிட்டால் என்ன செய்வது என்பதை நாடாளுமன்றம் பிறகு தனியாக முடிவு செய்யும்.

அன்று நாடு முழுக்கப் பல ஊர்களில் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். மூன்றாம் மாடி டீச்சர் அன்று காலை வகுப்பில் வருகைப் பதிவேட்டை எடுத்து, போராட்டத்துக்குப் போன பிள்ளைகள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறித்தார். அவர் மகனும் அதே பள்ளிதான், 2008இல் பிறந்தவன். அவன் பெயருக்கு நேரேயும் வேறொரு ஆசிரியர் அப்படியே குறித்திருந்தார். சாயங்காலம் டீச்சர் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, பெரியவரின் பேரனுக்கும் அந்தப் படிவம் எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.